அறிக்கையில் இடம்பெறாத பெயர்

தடய அறிவியல் முதுகலை மாணவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு எடுக்கிறேன். அதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓர் ஆய்வகத்தின் உயிரியல் பிரிவில் வேலை பார்த்தேன். சென்ற பருவத்தில், இத்துறையைச் சேர்ந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவருடைய ஆய்வுகள் துறையை எப்படி மாற்றின என்று எழுதி வரும்படி மாணவர்களிடம் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் கில்லைத் தேர்ந்தெடுத்தாள். அவள் கொண்டுவந்த நான்கு பக்கங்களில் மூன்று பக்கம் எண்களாகவே இருந்தது: எத்தனை கட்டுரைகள், எத்தனை மேற்கோள்கள், மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸ் எவ்வளவு, எந்த இதழில் எத்தனை. அவள்மீது குறை சொல்ல மாட்டேன். வேலைக்கும் பதவி உயர்வுக்கும் நாங்களே அப்படித்தான் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆனால் கில்லைப் பொறுத்தவரை அந்த எண்கள் மிக முக்கியமான ஒன்றை விட்டுவிடுகின்றன. அன்று வகுப்பு முடிந்துவிட்டதால் அவளிடம் முழுமையாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

1985 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் மூன்றே பக்கங்களில் ஒரு கட்டுரை வந்தது. பீட்டர் கில், அலெக் ஜெஃப்ரீஸ், டேவிட் வெரெட் ஆகிய மூவர் எழுதியது. அதற்கு ஓராண்டுக்கு முன்புதான், 1984 செப்டம்பரில், லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரீஸ், ஆளைத் தனித்து அடையாளம் காட்டும் டிஎன்ஏ ரேகையைக் கண்டறிந்திருந்தார். நல்ல நிலையில் உள்ள இரத்தத்தில் அது வேலை செய்யும் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் காவல் துறை ஆய்வகத்துக்கு அனுப்பும் பொருள் அப்படி இருப்பதில்லை. துணியில் காய்ந்துபோன கறை, பல நாள் உறையில் கிடந்த பஞ்சுக்குச்சி, இரண்டு பேரின் செல்கள் கலந்த திரவம் ஆகியவைதான் வரும். கில்லும் வெரெட்டும் பிரிட்டன் உள்துறையின் தடய அறிவியல் பணியில் இருந்தவர்கள். இந்தச் சிக்கல் அவர்களுக்கு அன்றாட வேலை. பருத்தித் துணியில் 4 ஆண்டுகளுக்கு முன் படிந்த இரத்தக் கறையிலிருந்தும் விந்துக் கறையிலிருந்தும் பயன்படும் நிலையில் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கலாம் என்று அந்தக் கட்டுரை காட்டியது. அதைவிடப் பெரிய செய்தி ஒன்றும் அதில் இருந்தது.

பாலியல் வன்கொடுமை வழக்கில் எடுக்கப்படும் பஞ்சுக்குச்சியில் பாதிக்கப்பட்ட பெண்ணின் செல்கள் ஏராளமாக இருக்கும்; அவற்றுக்கு நடுவே விந்தணுக்கள் மிகச் சிலவாக இருக்கும். இரண்டையும் சேர்த்து உடைத்தால் பெண்ணின் டிஎன்ஏ ஆணின் டிஎன்ஏவை மூழ்கடித்துவிடும். விந்தணுவின் தலைப்பகுதியில் உள்ள புரதங்கள் கந்தகப் பிணைப்புகளால் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கின்றன என்பது உயிரியலில் ஏற்கெனவே தெரிந்த செய்தி. அந்தப் பூட்டையே கருவியாக்கிக்கொண்டதுதான் இந்த முறையின் சிறப்பு. பஞ்சை நறுக்கி டியூபில் போட்டு, எஸ்டிஎஸ் என்னும் சோப்புப் பொருளையும் புரோட்டினேஸ் கே என்னும் நொதியையும் ஊற்றினால் பெண்ணின் செல்கள் கரைந்துவிடும். விந்தணுவின் தலை கரையாமல் நிற்கும். சென்ட்ரிபியூஜில் சுழற்றினால் அது அடியில் தங்கும். மேலே உள்ள திரவத்தை எடுத்து வேறொரு டியூபில் வைத்துவிட்டு, அடியில் இருப்பதைப் பலமுறை கழுவி, டிடிடி என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் பிணைப்புகள் அறுந்து விந்தணுவின் டிஎன்ஏ வெளிவரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் என் மூத்தவர் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். அடியில் தங்கியிருக்கும் வண்டல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. "இருக்கிறது என்று நம்பித்தான் மேலே உள்ளதை உறிஞ்ச வேண்டும்மா, நுனி அடியைத் தொடக் கூடாது" என்பார். டிடிடியின் குப்பியைத் திறந்தவுடன் அழுகிய முட்டையை நினைவூட்டும் கந்தக நெடி மூக்கில் ஏறும். அந்த நெடி வந்தால் ஆணின் பகுதிக்கு வந்துவிட்டோம் என்று பொருள். அந்தப் படியை எத்தனை முறை செய்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அதைக் கண்டுபிடித்தவர் பெயர் அப்போது எனக்குத் தெரியாது. என் மூத்தவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எங்களுக்கு அது செய்முறைக் கையேட்டின் ஒரு பக்கம், அவ்வளவுதான்.

மேற்கோள் கணக்கு எதை விட்டுவிடுகிறது என்று நான் சொல்ல வந்தது இதைத்தான். நீதிமன்றத்துக்குப் போகும் ஆய்வறிக்கையில் துணைநூல் பட்டியல் கிடையாது. உலகெங்கும் உள்ள ஆய்வகங்கள் இந்தப் பிரிப்பு முறையின் ஏதோ ஒரு வடிவத்தைத் தங்கள் வழக்குகளில் பயன்படுத்தி வந்திருக்கின்றன. அந்த அறிக்கைகள் எதிலும் 1985-ஆம் ஆண்டின் அந்த மூன்று பக்கங்கள் குறிப்பிடப்படுவதில்லை. இயற்பியலிலோ வேதியியலிலோ ஒரு கட்டுரையைப் பயன்படுத்துகிறவர் மற்றொரு கட்டுரை எழுதுகிறவராக இருப்பார். ஆகவே பயன்பாடு எண்ணிக்கையில் தெரிந்துவிடும். தடய அறிவியலில் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் கட்டுரையே எழுதாத ஆய்வக உதவியாளர்களும் அலுவலர்களும்தான்.

அவருடைய மற்றொரு வேலையும் இப்படித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது. டிஎன்ஏ ஆணுடையதா பெண்ணுடையதா என்று அறிய அமெலோஜெனின் என்னும் மரபணுவைப் பார்க்கிறோம். டிஎன்ஏ என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளின் வரிசை. எக்ஸ் குரோமோசோமில் அந்த மரபணுவின் ஒரு பகுதி ஒய் குரோமோசோமில் இருப்பதைவிட 6 எழுத்துகள் குறைவு. ஆகவே சோதனையில் 106, 112 என்ற இரு நீளங்கள் வந்தால் ஆண், 106 மட்டும் வந்தால் பெண். கில்லும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட இந்தச் சோதனை, டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளை வைத்து ஆளை அடையாளம் காணும் எஸ்டிஆர் கிட்டுகளில் வழக்கமான ஒரு பகுதியாகிவிட்டது. ஆனால் அது எல்லா மக்களிடமும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை என்பது நம் பக்கத்திலிருந்துதான் தெரிய வந்தது. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில் இலங்கையைச் சேர்ந்த 24 ஆண்களில் 2 பேருக்கு ஒய் குரோமோசோமின் அந்தப் பகுதியே இல்லை. 2002-இல் ஹைதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சிசிஎம்பியில் குமாரசாமி தங்கராஜும் லால்ஜி சிங்கும் அவர்களுடைய சகாவும் 270 இந்திய ஆண்களைச் சோதித்து 5 பேரிடம் அதே குறையைக் கண்டார்கள். அந்த 5 பேரின் கறை ஒரு வழக்கில் வந்திருந்தால், அமெலோஜெனினை மட்டும் நம்பும் அறிக்கை "பெண்" என்று சொல்லியிருக்கும். அதன் பிறகு வந்த கிட்டுகளில் ஒய் குரோமோசோமுக்குக் கூடுதல் அடையாளங்களைச் சேர்த்தார்கள். ஒரு முறையை உலகம் முழுவதும் எடுத்துக்கொண்டதால்தான் அதன் ஓட்டை உலகத்தின் இந்த மூலையில் தெரிந்தது. அதைத் தெரிவித்த கட்டுரையும் அந்த முறையின் தாக்கத்தில் ஒரு பங்கு என்றே நான் கருதுகிறேன்.

பொதுமக்கள் கில்லின் பெயரைக் கேள்விப்பட்டிருந்தால் அது ரஷ்யப் பேரரசர் குடும்பத்தின் எலும்புகள் வழியாக இருக்கும். எகாடெரின்பர்க் நகருக்கு அருகே ஒரு குழியிலிருந்து 1991-இல் தோண்டியெடுத்த 9 எலும்புக்கூடுகளின் மாதிரிகளை, அவருடைய குழு ரஷ்ய அறிவியலாளர் பாவெல் இவானோவுடன் சேர்ந்து இங்கிலாந்தில் ஆராய்ந்தது. 1994-இல் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் முடிவு வந்தது: 9 பேரில் 5 பேர் தாய், தந்தை, மூன்று மகள்கள். மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ தாய் வழியில் மட்டும் இறங்குவது. பேரரசியின் உடன்பிறந்தவருடைய மகள் வழிப் பேரன் இங்கிலாந்தின் இளவரசர் பிலிப். அவர் கொடுத்த இரத்தத்தில் இருந்த அந்த டிஎன்ஏவின் எழுத்து வரிசை பேரரசியின் எலும்போடும் மகள்களின் எலும்போடும் பொருந்தியது. பேரரசர் நிக்கோலாஸின் எலும்பில்தான் சிக்கல். அவருடைய தாய் வழி உறவினர்களின் வரிசையில் ஓரிடத்தில் டி என்ற எழுத்து இருந்தது. எலும்பிலோ அதே இடத்தில் சி, டி இரண்டும் கலந்து வந்தன. ஒரே உடலில் இரண்டு வகை மைட்டோகாண்ட்ரிய வரிசை இருக்கலாம் என்பதற்கு அன்று சான்றுகள் குறைவு. மாசு கலந்துவிட்டது என்று சொல்ல எதிர்ப்பாளர்களுக்கு அது நல்ல இடம். அந்த ஒவ்வாத எழுத்தை அவர்கள் மறைக்காமல் கட்டுரையில் வைத்து, அதன் காரணமாக முடிவின் வலு எவ்வளவு குறைகிறது என்பதையும் கணக்கிட்டே வெளியிட்டார்கள். 1996-இல் இவானோவும் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தினரும் 1899-இல் இறந்த பேரரசரின் தம்பி ஜியார்ஜியின் எலும்பைச் சோதித்தபோது அதே இடத்தில் அதே கலப்பு வந்தது. மறைத்திருந்தால் அந்த உறுதிப்பாடு வந்திருக்கவே வாய்ப்பில்லை.

இனி வருவதுதான் எனக்கு மிக நெருக்கமான பகுதி.

1990-களின் இறுதியில், தொட்ட பொருளில் ஒட்டியிருக்கும் சில செல்களிலிருந்தும் டிஎன்ஏ விவரத்தைப் பெற முடியும் என்ற நிலை வந்தது. டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் கருவியில் அது ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகும். வழக்கமாக 28 சுற்று. கில்லின் குழு அதை 34 ஆக்கியது. ஆறு சுற்று கூடினால் கணக்குப்படி 64 மடங்கு. ஒரு மனித செல்லில் ஏறத்தாழ 6 பிகோகிராம் (ஒரு பிகோகிராம் என்பது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) டிஎன்ஏ இருக்கிறது. இவர்கள் பேசியது 100 பிகோகிராமுக்கும் குறைந்த அளவைப் பற்றி, அதாவது பதினைந்து செல்லுக்குள். கணினித் திரையின் வரைபடத்தில் டிஎன்ஏ துண்டுகளைக் காட்டும் உச்சங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் உள்ள ஆபத்து உடனே தெரியும். இருக்க வேண்டிய உச்சம் வராமல் போகும். யாருடையது என்று தெரியாத உச்சம் எங்கிருந்தோ வந்து நிற்கும். ஒரே உயரத்தில் இருக்க வேண்டிய இரண்டில் ஒன்று மலையாகவும் மற்றொன்று மடுவாகவும் இருக்கும். 2000-ஆம் ஆண்டுக் கட்டுரையில் கில் இந்தக் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார்; ஒரே மாதிரியை மீண்டும் சோதித்து, இரண்டு முறையாவது தோன்றிய உச்சத்தை மட்டும் அறிக்கையில் எழுத வேண்டும் என்று விதி வகுத்தார்.

விதி இருந்தும் சர்ச்சை ஓயவில்லை. 1998-இல் வட அயர்லாந்தின் ஓமா நகரில் குண்டு வெடித்து 29 பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் அரசுத் தரப்பு இந்த நுண்ணளவு முறையைப் பெரிதும் நம்பியிருந்தது. 2007 டிசம்பரில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுவிக்கப்பட்டார். சான்றுப் பொருள்களைக் கையாண்ட விதத்தை நீதிபதி கடுமையாகக் கண்டித்ததோடு, இந்த முறை போதிய அளவு சரிபார்க்கப்பட்டதா என்றும் கேள்வி எழுப்பினார். தீர்ப்பைத் தொடர்ந்து பிரிட்டனில் அந்த முறை சிறிது காலம் நிறுத்திவைக்கப்பட்டு, மறுபரிசீலனைக்குப் பின் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. தான் உருவாக்கிய முறை நீதிமன்றத்தில் இப்படித் தாக்கப்பட்டால் அதைக் காப்பாற்றுவதிலேயே ஓர் ஆய்வாளர் மீதி வாழ்நாளைச் செலவிடலாம். அப்படிச் செய்தவர்கள் எல்லாத் துறையிலும் உண்டு. கில்லின் பிற்கால வெளியீடுகளை வரிசையாகப் படிக்கும்போது வேறொரு திசை தெரிகிறது. உச்சம் விடுபடுவதற்கும் புதிதாக வந்து சேர்வதற்கும் நிகழ்தகவைக் கணக்கில் சேர்ப்பது எப்படி என்று பன்னாட்டுத் தடய மரபியல் கழகத்தின் ஆணையம் 2006-இலும் 2012-இலும் பரிந்துரைகள் வெளியிட்டது. இரண்டிலும் முதல் ஆசிரியர் அவர்தான். அதற்கான கணக்கைச் செய்யும் 'யூரோஃபார்மிக்ஸ்' என்ற மென்பொருளை நார்வேயின் ஓய்விந்த் பிளேக்காவும் அவரும் சகாக்களும் 2016-இல் வெளியிட்டார்கள். விலை கிடையாது, அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு வல்லுநரை வைத்து அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க முடியும் என்பது நீதிமன்றத்தில் எவ்வளவு பெரிய செய்தி என்று சாட்சிக் கூண்டில் நின்றவர்களுக்குத் தெரியும்.

மாசு விஷயத்திலும் அப்படியே. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிரான்ஸிலும் நாற்பது இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்ததாகக் காவல் துறை பல ஆண்டுகள் தேடியது. 2009-இல்தான் அது பஞ்சுக்குச்சி தயாரிப்பில் வேலை செய்த ஒரு பெண்ணுடையது என்று தெரிந்தது. கிருமி நீக்கிய குச்சி டிஎன்ஏ நீக்கிய குச்சி ஆகாது. அடுத்த ஆண்டே ஐரோப்பிய, அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆய்வகக் கூட்டமைப்புகள் உற்பத்தியாளர்களுக்காக ஒரு பொது நிலைப்பாட்டை வெளியிட்டன. இரண்டு பக்க அறிக்கை அது, அதற்கும் முதல் ஆசிரியர் கில்.

2014-இல் அவர் எழுதிய நூல், டிஎன்ஏ சான்று நீதியைத் தவறான வழிக்கு இட்டுச்சென்ற வழக்குகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டுகிறது. அவற்றில் ஒன்றை வகுப்பில் எப்போதும் சொல்வேன். 2011-இல் மான்செஸ்டரில் நடந்த ஒரு பாலியல் வன்கொடுமைக்காக ஓர் இளைஞர் கைது செய்யப்பட்டு மாதக்கணக்கில் சிறையில் இருந்தார். தொடர்பில்லாத ஒருவரின் டிஎன்ஏ இப்படிப் பொருந்துவதற்கான வாய்ப்பு நூறு கோடிக்கு ஒன்று என்று அறிக்கை சொன்னது. அவரோ சம்பவத்தன்று பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்ததாகத் தொலைபேசிப் பதிவு காட்டியது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிய வேண்டிய பிளாஸ்டிக் தட்டை ஆய்வகத்தில் மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். வேறொரு சிறு வழக்கில் வந்த அவருடைய உமிழ்நீர் அந்தத் தட்டின் வழியாக இந்த வழக்கின் மாதிரியில் கலந்திருந்தது. நூறு கோடிக்கு ஒன்று என்ற கணக்கு தவறில்லை. அது உண்மையாகவே அவருடைய டிஎன்ஏதான். "யாருடையது?" என்ற கேள்விக்கு வந்த எண்ணின் பலம், யாரும் கவனிக்காமல், "இதைச் செய்தவர் யார்?" என்ற கேள்விக்கு நகர்ந்துவிட்டது. அந்த நகர்வைத்தான் கில் பல ஆண்டுகளாக விரட்டிக்கொண்டிருக்கிறார். 2018-இலும் 2020-இலும் வந்த ஆணையப் பரிந்துரைகள் இரண்டும் அதைப் பற்றியவை: முதலாவது, டிஎன்ஏ யாரிடமிருந்து வந்தது என்பதை எப்படி மதிப்பிடுவது, இரண்டாவது, அது எந்தச் செயலால் அங்கே வந்தது என்பதை எப்படி மதிப்பிடுவது, எப்போது அதற்கு முயலவே கூடாது என்பது.

நானே அந்த நகர்வைச் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கில் சட்டையின் கழுத்துப்பட்டியில் கிடைத்த டிஎன்ஏ பற்றிச் சாட்சி சொன்னேன். குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் நிதானமாகக் கேட்டார்: "அம்மா, இந்தச் சட்டை இருந்த வீட்டில் என் கட்சிக்காரர் முன்பு தங்கியிருந்தார். அதைத் தொட்டிருந்தாலோ ஒருநாள் போட்டிருந்தாலோ உங்களுக்கு இதே முடிவுதானே வரும்?" நான் "அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு" என்றேன். என்னிடம் அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. துணியில் டிஎன்ஏ எத்தனை நாள் தங்கும், ஒருவர் போட்டதற்கும் தொட்டதற்கும் அளவில் என்ன வேறுபாடு என்று நான் ஒரு சோதனையும் செய்ததில்லை, படித்ததும் இல்லை. என் எண்ணின் பெருமையில் அந்தப் பதில் தானாக வந்தது. தட்டச்சர் அதைப் பதிவு செய்த சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. தீர்ப்பு என் பதிலைச் சார்ந்து அமையவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். சார்ந்து அமைந்திருக்கலாம் என்பதை நான் மறக்கவில்லை.

நம் நாட்டில் இதற்குக் கூடுதல் கனம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-ஆவது பிரிவின்படியும், இப்போது அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவின்படியும், அரசு ஆய்வக அதிகாரியின் அறிக்கையை அவரைக் கூண்டுக்கு அழைக்காமலேயே சான்றாக ஏற்கலாம். அழைக்காவிட்டால் கேள்வி கேட்க யாரும் இல்லை. தாளில் எழுதியதே கடைசிச் சொல். அந்தத் தாளில் "பொருந்துகிறது" என்று ஒரு வரி மட்டும் இருந்தால் நீதிபதி அதிலிருந்து எதை எடுத்துக்கொள்வார் என்பது நம் கையில் இல்லை. உச்ச நீதிமன்றமும் இதைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. 2022 நவம்பரில் ஒரு டெல்லி வழக்கில், டிஎன்ஏ அறிக்கையின் அடிப்படையையும் முறை சரியாகக் கையாளப்பட்டதா என்பதையும் கீழ் நீதிமன்றங்கள் ஆராயவில்லை என்று சுட்டிக்காட்டியது. 2025 ஜூலையில் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றவரை விடுவித்தபோது, டிஎன்ஏ மாதிரிகளை எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பதிவேடு வைக்க வேண்டும் என்றெல்லாம் நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. பாட்டிலில் இருப்பது யாருடையது என்று சொல்ல நமக்குத் தெரியும். அந்தப் பாட்டில் வழியில் எங்கெல்லாம் இருந்தது என்று நமக்குத் தெரியாது.

அந்த மாணவியிடம் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து, எண்களை ஒரு பத்தியில் அடக்கிவிட்டு மீதியை மறுபடி எழுதச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து அவள் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரையை அச்சிட்டு, ஓரங்களில் தமிழில் குறிப்பெழுதிக் கொண்டுவந்தாள். என் சட்டை வழக்கை அவளிடம் சொன்னேன். அவள் கரும்பலகையில் இரண்டு வாக்கியங்கள் எழுதினாள்: அவர் அந்தச் சட்டையை அன்று அணிந்திருந்தார்; அவர் அந்தச் சட்டையை வேறொரு நாள் தொட்டிருந்தார். "இந்த அளவு டிஎன்ஏ முதலாவதில் எத்தனை தடவை வரும், இரண்டாவதில் எத்தனை தடவை வரும் என்று தெரிந்தால்தானே மேடம் நீங்கள் பதில் சொல்லியிருக்க முடியும்?" என்று கேட்டாள். அதற்கான சோதனையைத் தன் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டாள். இப்போது எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில் இருபது பருத்திச் சட்டைகள் எண்ணிட்ட காகித உறைகளில் இருக்கின்றன. பத்தை ஒருநாள் முழுவதும் அணிந்தார்கள். பத்தைக் கையால் மடித்து வைத்தார்கள். அடுத்த வாரம் கழுத்துப்பட்டிகளை நறுக்கத் தொடங்குகிறோம்.